பின்னால் வரும் பாட்டு

மார்ச் 4

ஜோசியருக்கு,

இந்தப் பட்டத்தைப் பார்த்ததும் உனக்குக் கோபம் வரும். வரட்டும். நீ ஃபோன் செய்தபோதெல்லாம் நான் வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. ஃபோனில் பேசினால் நீதான் ஜெயிப்பாய். நான் ஒரு பேச்சை ஆரம்பிப்பேன், நீயே அதை முடித்துவைத்து அதற்குப் பதிலும் சொல்லிவிடுவாய். தாளில் உன்னால் குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன்.

போன தடவை நீ வந்திருந்தபோது, சாப்பிட உட்கார்ந்த இடத்தில் உன் மச்சான் ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார், வேலையெல்லாம் எப்படிப் போகிறதென்று. நன்றாகப் போகிறது மச்சான் என்று சொல்லிவிட்டு நீ சாப்பிட்டிருக்கலாம். நீ தண்ணீர் ஜாடியை ஒரு பக்கம் நகர்த்தி, டம்ளர்களை வரிசையாக வைத்து, வகுப்பு எடுக்க ஆரம்பித்துவிட்டாய். நீ சொன்னது எனக்கு ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது.

"இன்னும் அஞ்சு வருஷம்தான் மச்சான். பாட்டைத் தேடிக் கேக்குற பழக்கமே போயிடும். யாருக்கு என்ன வேணுமோ அதை எங்க ஆப்பே அந்த நிமிஷம் செஞ்சு குடுத்துடும். அப்புறம் வாசிக்கிறதுக்குன்னு ஆள் எதுக்கு?"

சொல்லிவிட்டு என்னிடம் இன்னொரு கரண்டி போடச் சொன்னாய். நானும் போட்டேன்.

அந்த மனுஷன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ரெக்கார்டிங் ஸ்டுடியோக்களில் கிட்டார் வாசிப்பவர். யார் யாரோ பாடிய பாட்டுகளின் பின்னால் அவர் இருக்கிறார். பெயர் எங்கேயும் வராது. கடையிலோ பஸ்ஸிலோ ஏதாவது பாட்டு ஓடினால், என் கையை லேசாக அழுத்தி, "இது நான்" என்பார். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

அன்றைக்கு "அப்படியா" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனார். மறு வாரமே ஒரு மரச்சாமான் கடையில் சேர்ந்துவிட்டார். மெத்தை விற்கிறார். கிட்டார் உறையோடு அலமாரி மேலே போய்விட்டது. உட்கார்ந்து பார்க்கச் சொல்லி விற்கிற ஒரே வியாபாரம் இதுதான், நாமும் கூட உட்கார்ந்துகொள்ளலாம் என்று என்னிடம் வேடிக்கை பேசுகிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன்னை மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. நீ சொன்னது நிஜமா என்பது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். டம்ளர் எதையும் நகர்த்தாமல் எழுது.

அக்கா


மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் அலுவலகத்துக்கு வந்தது. பக்கத்து மேஜைக்காரர் கோர்ட் நோட்டீஸா என்று கேட்டார். அதைவிட மோசம், எங்கள் அக்கா என்றேன்.

நிஜமா என்று கேட்டாய். ஒருவர் இன்னும் வராத விஷயத்தைச் சொன்னால் அது நிஜமா பொய்யா என்று எப்படிச் சொல்வது? எங்கள் பிரிவே சம்பளம் வாங்கிக்கொண்டு வருங்காலத்தை ஊகம் செய்கிறவர்கள்தான். என் ஊகத்தைச் சொல்கிறேன்.

முன்பெல்லாம் காசு கொடுத்துப் பாட்டை வாங்கி வீட்டில் வைத்திருந்தோம். பிறகு மாதச் சந்தா கட்டினோம், உலகத்துப் பாட்டெல்லாம் வந்தது, எதுவும் நம்முடையதாக இல்லை. அப்போதும் தேர்ந்தெடுக்கிற வேலை நம்மிடம் இருந்தது. இப்போது அதுவும் போய்க்கொண்டிருக்கிறது. எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் பாட்டின் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. தூக்கத்துக்கு, சமையலுக்கு, ஓட்டத்துக்கு என்று கேட்கிறார்கள். வேண்டியது தூக்கம்தான் என்றால், அந்தப் பாட்டை யார் வாசித்தார் என்பது யாருக்குக் கவலை? அடுத்த படி, இருக்கிற பாட்டிலிருந்து எடுத்துத் தராமல் புதிதாகச் செய்து தருவது. பாடகர்கள் குரலை வாடகைக்கு விடுவார்கள். இரண்டு பேர் ஒரே பாட்டைக் கேட்டோம் என்று பேசிக்கொள்வதே அபூர்வமாகிவிடும். எங்கள் மேலாளர் அம்மாவுக்கு இதில் சந்தேகமே இல்லை. பக்கத்து மேஜைக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். செய்து தருகிற பாட்டு அலுத்துப் போய், ஜனங்கள் மறுபடி மேடையைத் தேடி வருவார்கள் என்பது அவர் கட்சி. இருவரிடமும் படம் போட்ட கணக்குகள் இருக்கின்றன.

மச்சானிடம் நான் பொய் சொல்லியிருக்க வேண்டுமா? எல்லாரும் நல்லபடியாகச் சொல்லிச் சொல்லி, ஒருநாள் திடீரென்று ஸ்டுடியோ மூடிக் கிடந்தால் அது மட்டும் நல்லதா? நீ இதற்குப் பதில் எழுது.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. எங்கள் பிரிவு யோசித்த ஒன்று இந்த வாரம் சோதனைக்குப் போகிறது. 'கூட நடக்கும் பாட்டு' என்று பெயர், பெயர் வைத்தது நான். கேட்பவர் நடக்கிற வேகம் ஃபோனுக்குத் தெரியும் அல்லவா? வேகமாக நடந்தால் பாட்டும் வேகமாகும், மெதுவாக நடந்தால் மெதுவாகும். ஓடுகிறவர்களுக்காகச் செய்தது.

உண்மையைச் சொன்னால், நான் அலுவலகத்துக்கு நடந்து போகும்போது காதில் எதையும் மாட்டிக்கொள்வதில்லை. ஏனென்று கேட்காதே. எனக்கே தெரியவில்லை.

தம்பி


மார்ச் 23

தம்பிக்கு,

உன் 'கூட நடக்கும் பாட்டு' இங்கே வந்து சேர்ந்துவிட்டது. வந்து என்ன செய்தது என்று சொல்கிறேன், கேள்.

மருத்துவமனையில் என் பயிற்சிக் கூடத்தை நீ பார்த்ததில்லை. நீளமான அறை. நடுவில் இடுப்பு உயரத்துக்கு இரண்டு கம்பிகள், ஒரு கோடியில் பெரிய கண்ணாடி. பக்கவாதம் வந்து கால் மறந்துபோனவர்கள் அந்தக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு மறுபடி நடக்கப் பழகுகிறார்கள். சும்மா நடங்கள் என்றால் கால் வராது. ஒரு தாளம் போட்டால் வரும். ஏன் என்று புத்தகத்தில் என்னென்னவோ எழுதியிருக்கிறார்கள். நான் பார்த்தது, தாளம் விழுகிற இடத்தில் கால் தானாகப் போய் விழுகிறது. அதற்குத்தான் உங்கள் ஆப்பில் நீ பரிசாகக் கொடுத்த கணக்கில் பாட்டுப் போடுகிறேன். ஒவ்வொருவருக்கும் ஒரு பாட்டு.

லாரிக்காரர் ஒருவர் வருகிறார். வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டியவர், வலது கால்தான் சரியில்லை. பிரேக் கால் போய்விட்டது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அவருடைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அவரும் நன்றாக வந்துகொண்டிருந்தார். இந்தப் பக்கம் கணக்கு டீச்சர் ஒருவர் நாற்காலியிலிருந்து சரியப் பார்த்தார். நான் ஓடினேன். பாட்டு ஸ்பீக்கரில், ஃபோன் என் கோட்டுப் பையில். நான் ஓட ஓடப் பாட்டும் ஓட ஆரம்பித்தது. லாரிக்காரர் அதன் பின்னாலேயே காலை வீசினார். இரண்டு எட்டில் மடங்கி, கம்பியில் மார்பு இடித்து, அதைக் கட்டிக்கொண்டு தொங்கினார். எலும்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அதற்கப்புறம் கம்பிக்குள் வரமாட்டேன் என்கிறார்.

"பாட்டு முன்னால போகணும்மா. நான் அது பின்னால போவேன். அது என் பின்னாலயும் உன் பின்னாலயும் வந்துச்சுன்னா நான் எங்க போறது?" என்றார்.

யாரைக் கேட்டு என் பாட்டை மாற்றினீர்கள்? நிறுத்துவதற்குப் பொத்தான் தேடினேன், கிடைக்கவில்லை. உன் கேள்விக்குப் பதிலும் இதுதான். பொய் சொல்லச் சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்று பார்த்துவிட்டுப் பேசு என்றுதான் சொல்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

உன் கடிதத்தைப் படித்தேன். லாரிக்காரருக்கு நிஜமாகவே ஒன்றும் இல்லையே?

விசாரித்தேன். சோதனையில் யாரையெல்லாம் சேர்த்திருக்கிறார்கள் என்று பார்த்தபோது, ஊழியர்கள் குடும்பத்துக்குக் கொடுத்த இலவசக் கணக்குகள் எல்லாம் அதில் இருந்தன. அவர்கள் புகார் சொல்ல மாட்டார்கள் என்று ஒரு நினைப்பு. அதற்கான தாளில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உன் கணக்கும் அதில் ஒன்று என்பது எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு நீ அக்கா, அங்கே நீ ஒரு எண்.

கூட்டத்தில் எழுந்து சொன்னேன். பாட்டு மாறக் கூடாது என்பவர்களுக்கு ஒரு பொத்தான் வேண்டும் என்றேன். மேலாளர் அம்மா கெட்டவர் இல்லை, பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு, எங்கோ ஒரு மருத்துவமனைக் கூடத்துக்காக இத்தனை பேருடைய வேலையை நிறுத்த முடியுமா என்றார். பக்கத்து மேஜைக்காரர் என் பக்கம் பேசினார். வாக்குவாதமாகிவிட்டது. உன் கணக்கை மட்டும் பிடிவாதம் பிடித்து மாற்ற வைத்தேன். இப்போது ஆப்பின் செட்டிங்ஸுக்குள் போனால் ஒரு பொத்தான் இருக்கும். அணைத்துவிட்டால் பாட்டு பழையபடி ஓடும்.

ஆனால் ஒரே ஒரு முறை எனக்காக இதைச் செய்து பார். ஃபோன் உன் பையில் இருந்ததுதான் தப்பு. நடக்கிறவருடைய சட்டைப் பையில் வைத்துப் பார். அதற்கப்புறம் அணைத்துவிடு, நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

மச்சானுக்கு எழுத உட்கார்ந்தேன். நான்கு வரி எழுதிக் கிழித்தேன். அவரிடம் கேள், அல்லது வேண்டாம், கேட்காதே.

தம்பி


ஏப்ரல் 20

தம்பிக்கு,

எழுத மனமில்லாத ஒன்றை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் விட்டுவிடுவேன். உன் பாட்டு டீச்சருக்கு நன்றாக வேலை செய்கிறது.

டீச்சரை எந்தத் தாளத்தாலும் நடக்கவைக்க முடிந்ததில்லை. பாட்டு அவரை விட்டுவிட்டுப் போய்விடும். எட்டிப்பிடிக்க முடியாமல் நின்று, முகம் சிவந்து, போதும் என்பார். ஃபோனை அவர் பையில் வைத்தேன். அவர் ஒரு எட்டு வைத்ததும் பாட்டு ஒரு எட்டு வந்தது. நின்றால் அதுவும் அதே வரியில் காத்திருந்தது. கம்பியின் கோடி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன்.

லாரிக்காரரிடம் பொத்தான், பை எதுவும் செல்லவில்லை. அந்த ஸ்பீக்கரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குத் தாளம் போட வராது, அதுதான் உனக்குத் தெரியுமே. நான் கை தட்டினால் அவர் கால் இன்னும் குழம்பியது.

வந்து வாசிக்கிறீர்களா என்று உன் மச்சானைக் கேட்டேன், வரமாட்டேன் என்றார். மறுபடி கேட்டேன், கடை இருக்கிறது என்றார். ஒரு சாயங்காலம் என்னை அழைத்துப்போக வந்தவர், கடைச் சட்டையும் மார்பில் குத்திய கடை பேட்ஜுமாக வாசலில் நின்றார். லாரிக்காரர் கம்பிக்குள் ஒரு காலை வைத்துவிட்டு அப்படியே நின்றுகொண்டிருந்தார். உன் மச்சான் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்துக் கம்பியில் தட்ட ஆரம்பித்தார். மெதுவாக, ஆனால் விடாமல். வாயில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே அவருக்கு முன்னால் பின்பக்கமாக நடந்தார். லாரிக்காரர் கால் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டது.

"ரிவர்ஸ்லயே போறீங்களே, பாத்து" என்றார் லாரிக்காரர்.

அடுத்த வாரம் அலமாரி மேலிருந்து கிட்டாரை இறக்கித் துடைத்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. இப்போது கடை விடுமுறை நாளில் கிட்டாரோடு கூடத்துக்கு வருகிறார்.

சந்தோஷமாக இருக்கிறாரா என்று தெரியவில்லை. வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நீ எழுதிக் கிழித்ததைச் சொன்னேன், கோபித்துக்கொள்ளாதே. என்ன எழுதியிருந்தான் என்று கேட்டார். தெரியாது என்றேன்.

அக்கா


மே 6

அக்கா,

இந்தக் கடிதத்தை மச்சானிடம் காட்டாதே.

எங்கள் கம்பெனியை இன்னொரு பெரிய கம்பெனி வாங்கிவிட்டது. வருங்காலத்தை யோசிக்க அவர்களிடம் ஏற்கெனவே ஒரு பிரிவு இருக்கிறதாம், இரண்டு எதற்கு என்று எங்களை மூடிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலையில் கூப்பிட்டுச் சொன்னார்கள். மேலாளர் அம்மாவுக்கும் அதே அறையில்தான் சொன்னார்கள், எனக்குச் சற்று முன்பு. அவர் வெளியே வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, உள்ளே போ என்று எனக்குக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

ஐந்து வருஷம் தள்ளி நடக்கப்போவதையெல்லாம் மேஜையில் பரப்பிக் காட்டினேன். அடுத்த வெள்ளிக்கிழமை எனக்குத் தெரியவில்லை. நீ வைத்த பட்டம் பொருத்தம்தான்.

'கூட நடக்கும் பாட்டு' இந்த மாதத்தோடு நின்றுவிடும். மிஞ்சினால் பொத்தான் ஒன்றுதான் மிஞ்சும், இனி அதற்கும் வேலை இல்லை. டீச்சரை நினைத்துத்தான் சங்கடமாக இருக்கிறது. அவரிடம் முன்னாலேயே சொல்லிவிடு. திடீரென்று ஒருநாள் நின்றுபோனால் தன் காலில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வார்.

வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். சாப்பாட்டுக்கெல்லாம் குறையில்லை. மச்சானிடம் மட்டும் சொல்லாதே. அவர் சிரித்தாலும் என்னால் தாங்க முடியாது, சிரிக்காவிட்டாலும் தாங்க முடியாது.

தம்பி


மே 13

தம்பிக்கு,

சொல்லிவிட்டேன். ஒரே அறையில் இருந்துகொண்டு என்னால் எதையும் மறைக்க முடிந்ததில்லை, முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கும்.

அவர் சிரிக்கவும் இல்லை, சிரிக்காமலும் இல்லை. கடையின் மெத்தைத் துணி மாதிரிகள் ஒட்டிய புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவர் அதை மூடி வைத்தார். பிறகு சொன்னார்: "அவனை வரச் சொல்லு. வேலை போனவன் தனியா உக்காந்து சாப்பிடக் கூடாது. எனக்குத் தெரியும் அது எப்படி இருக்கும்னு."

ஸ்டுடியோவில் கூப்பிடுவது நீ பேசுவதற்கு முன்பே குறைந்துகொண்டு வந்திருக்கிறது. பல நாட்கள் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்திருக்கிறார். எனக்கே இப்போதுதான் சொன்னார்.

டீச்சரிடமும் சொன்னேன். தலையை ஆட்டினார். இருக்கிற வரைக்கும் நடக்கிறேன் என்றார்.

பெட்டியைக் கட்டு. முன் அறையில் உனக்குப் படுக்கை போட்டாயிற்று. கடை மெத்தை, ஊழியர் சலுகை.

அக்கா


ஜூன் 2

அக்காவுக்கும் மச்சானுக்கும்,

உங்கள் வீட்டிலிருந்து நேற்று இங்கே திரும்பி வந்து சேர்ந்தேன். அறை பூட்டியே கிடந்ததால் ஒரே புழுக்கம். ஜன்னலைத் திறந்துவிட்டு இதை எழுதுகிறேன்.

மச்சான் என்னை ரயில் ஏற்றிவிட வந்தபோது பேசியது உனக்குத் தெரியாது. ரயில் தாமதம். இரண்டு பேரும் காபி வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம். நான் எப்படியோ தொடங்கி, அன்றைக்கு நான் பேசியது தப்பு மச்சான் என்றேன்.

"நீ சொன்னது பொய்யின்னு நான் சொல்லலையே மாப்ளே," என்றார். "எனக்கும் தெரிஞ்சதுதான். சாப்பிடும்போது சொல்லியிருக்க வேண்டாம்."

அவ்வளவுதான். அப்புறம் காபி நன்றாக இல்லை என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டோம்.

டீச்சர் விஷயத்தில் எனக்கு இன்னும் யோசனைதான். ஆப் பாட்டு நிற்கப்போகிறதே என்று மச்சான் வாசித்துப் பழக்கியபோது டீச்சர் ஏன் நின்று நின்று போனார் என்று நாம் மூன்று பேரும் மண்டையை உடைத்துக்கொண்டோம் அல்லவா? நான் கூடத்துக்கு வந்த கடைசி நாளில்தான் எனக்குப் பட்டது. டீச்சர் கால் நின்றதும் மச்சான் கையும் நின்றது, உடனே மச்சான் அவர் முகத்தைப் பார்த்தார். நல்ல மனதோடுதான் பார்த்தார். ஆனால் டீச்சர் அந்தப் பார்வையில் கூசிப்போனார். நாங்கள் செய்த பாட்டுக்குக் கண் கிடையாது. அவர் நின்றால் அது கடைசியாகப் பாடிய வரியையே சுற்றிக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். அதைத்தான் அன்றைக்கு நான் சொன்னேன்: "நின்னாலும் நிறுத்தாதீங்க மச்சான். அவங்களைப் பாக்காதீங்க. அந்த வரியிலயே இருங்க." இத்தனை வருஷம் வாசித்த மனுஷனிடம் நான் போய்ச் சொல்கிறேனே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் நாற்காலியைத் திருப்பி, சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

அதற்கப்புறம் என்ன ஆயிற்று என்று எழுது. நான் பார்த்தது ஒருநாள்தான், ஒருநாளை வைத்து இனி எதையும் சொல்வதாக இல்லை.

காதுக் கருவிகள் செய்கிற ஓர் இடத்தில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். கிடைக்குமா தெரியாது.

தம்பி


ஜூன் 15

தம்பிக்கு,

உன் மச்சான் கடையில் பேசி வாரத்தில் இரண்டு நாள் இங்கே வருகிற மாதிரி செய்துகொண்டார். மருத்துவமனையில் ஏதோ ஒரு பெயரில் அவரைச் சேர்த்திருக்கிறார்கள், உதவியாளர் என்று. லாரிக்காரருக்கு எதிரே நின்று வாசிக்கிறார், டீச்சருக்குச் சுவரைப் பார்த்து. லாரிக்காரர் பொறாமைப்படுகிறார், எனக்கு மட்டும் ஏன் அந்த முகத்தைப் பார்க்கிற தண்டனை என்று.

ஸ்டுடியோவிலிருந்து இப்போதும் யாரும் கூப்பிடவில்லை. அதை நான் மறைக்கவில்லை, நீ சொன்னது பலிக்காமலும் இல்லை. வீட்டில் சில நாட்களில் கிட்டார் சத்தம் கேட்கிறது, சில நாட்களில் கேட்பதில்லை.

நேற்று டீச்சர் கம்பியை விட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன், தொடவில்லை. நடு வழியில் நின்றார். உன் மச்சான் முதுகைக் காட்டிக்கொண்டு அந்த வரியிலேயே சுற்றிக்கொண்டிருந்தார், எத்தனை முறை என்று தெரியாது, நான் எண்ணுகிற நிலையில் இல்லை. பிறகு டீச்சரின் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் கூடத்தின் வாசலைத் தாண்டி நடைபாதைக்கு வந்துவிட்டார். உன் மச்சானும் நாற்காலியை விட்டு எழுந்து, வாசித்துக்கொண்டே, தரையைப் பார்த்தபடி அவருக்குப் பின்னால் போனார். நர்ஸ்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

நடைபாதை முடிகிற இடத்தில் ஒரு கதவு இருக்கிறது, தோட்டத்துக்குப் போகிற கதவு. டீச்சர் அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். பாட்டும் முடிந்துபோயிருந்தது.

"அடுத்து என்ன?" என்று கேட்டார், திரும்பிப் பார்க்காமல்.

"தெரியலை டீச்சர்," என்றார் உன் மச்சான். "நீங்க கதவைத் திறங்க. நான் வரேன்."

அக்கா